முகத்தில் கரண்ட் அடிக்கும் வலி: முக்கிளை நரம்பு வலி என்று சொன்ன நாளிலிருந்து என்ன செய்வது

கிளினிக் கொப்பியில் வைத்தியர் ‘டிரைஜெமினல் நியூரால்ஜியா’ (முக்கிளை நரம்பு வலியின் ஆங்கிலப் பெயர்) என்றோ, சுருக்கமாக ‘டீ.என்.’ என்றோ எழுதிவிட்டார். கையில் இரண்டு வாரத்துக்கு மாத்திரை. ‘அது வலிப்புக்காரருக்குக் குடுக்கிற மருந்தாச்சே’ என்கிறார் பாமசியில் பக்கத்தில் நின்றவர். தோட்டத்து லயத்துக்கு வந்தால், ‘அந்தக் கடவாய்ப் பல்லைப் புடுங்கிப் போட்டா சரியாயிரும்’ என்கிறார்கள். இந்த வழிகாட்டி அந்த நாளில் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வலிக்கு மருந்து இருக்கிறது. சரியாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் நன்றாகவே கேட்கும். நம் மலையகப் பக்கத்தில் அது கேட்காமல் போவதற்கு மருந்தைவிட, அதைக் கையாளும் விதமே அடிக்கடி காரணமாகிறது. வலி வந்தால் மட்டும் போடுவார்கள், குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். கிளினிக் திகதி தவறி நாலைந்து நாள் மாத்திரை இல்லாமல் இருப்பார்கள். ஈரச் சுவரோரம் வைத்து மாத்திரையைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. கீழே உள்ளவற்றில் பாதி இந்தத் தவறுகளைத் தவிர்ப்பது பற்றித்தான்.

எந்த நரம்பு, ஏன் வலிக்கிறது

மூளையின் அடித்தண்டிலிருந்து முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு உணர்ச்சி நரம்பு வருகிறது. மண்டை நரம்புகளில் ஐந்தாவது. அது மூன்றாகப் பிரிகிறது: ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் உச்சந்தலை வரைக்கும், ஒன்று கன்னம், மூக்கோரம், மேல் உதடு, மேல் பற்களுக்கு, ஒன்று கீழ்த்தாடைக்கும் கீழ்ப் பற்களுக்கும். வலி பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கிளைகளில் வரும். அதனால்தான் எல்லோருக்கும் அது பல் வலி போலத் தோன்றுகிறது.

மூளைத்தண்டை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு இரத்தக்குழாய் நரம்பின்மேல் உரசிக்கொண்டே இருப்பதுதான் பொதுவான காரணம். வயர் மேலே உள்ள பிளாஸ்டிக் உறை தேய்ந்தால் ஷோர்ட் ஆகுமல்லவா, அதே கதைதான். நரம்பின் உறை தேய்ந்த இடத்தில், மெல்லத் தொட்ட உணர்ச்சியே பெருவலியாகத் தாவிவிடுகிறது. ஐம்பது வயதுக்கு மேல் கூடுதலாகவும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாகவும் வருகிறது. குளிரோ ஈரமோ இந்த நோயை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே தேய்ந்த நரம்பைத் தூண்டிவிடுவதோடு அவற்றின் பங்கு முடிந்தது. ‘பனியில நின்னதாலதான் வந்துச்சு’ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வாய் ஒரு பக்கம் கோணிப்போகும் முகவாதம் வேறு நோய். அது ஏழாவது நரம்பு. முக்கிளை நரம்பு வலியில் முகம் கோணாது.

முதல் படி: இது அதுதானா என்று சரிபார்த்தல்

இதைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நீங்கள் சொல்லும் வார்த்தைகளை வைத்துத்தான். இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. வைத்தியர் தேடும் அடையாளங்கள் இவை: திடீரென்று கரண்ட் அடித்ததுபோல வெட்டும். ஒரு விநாடிக்கும் குறைவிலிருந்து அதிகமாக இரண்டு நிமிடம் வரை இருந்து, தானாகவே நிற்கும். ஒரே பக்கத்தில் வரும். முகம் கழுவுவது, பல் துலக்குவது, மெல்லுவது, பேசுவது, காற்றுப் படுவது போன்ற அற்ப விஷயங்கள் கிளப்பிவிடும். தாக்குதல்களுக்கு இடையில் வலி இருக்காது, அல்லது இலேசாக மட்டும் இருக்கும். தூக்கத்தில் அனேகமாக வராது. இரவு முழுக்கத் தூங்கவிடாமல் விண்விண் என்று தொடர்ந்து துடித்தால் பல்லோ சைனஸோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிய ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால், வெறுமனே ‘மூண ரிதெனவா’ (முகம் வலிக்கிறது) என்று சொன்னால் பல் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். ‘மூணட கரண்ட் எக வதினவா வகே’ (முகத்தில் கரண்ட் அடிக்கிற மாதிரி) என்று சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் வைத்தியரின் காதில் வேறு மாதிரி விழும். எத்தனை விநாடி, எந்த இடத்தில் தொட்டால், எத்தனை தடவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரலால் காட்டும்போது முகத்தைத் தொடாமல் காட்டினால், அதையும் வைத்தியர் கவனிப்பார். இந்த நோயாளிகள் அந்த இடத்தைத் தொட அஞ்சுவார்கள். பல் வலிக்காரரோ கன்னத்தைப் பொத்திப் பிடிப்பார்.

பல் விஷயத்தில் பொறுமை தேவை. எக்ஸ்ரேயில் பழுது தெரியாத பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள். ஒன்று போன பிறகும் வலி அடுத்த பல்லில் இருப்பதுபோலத் தெரியும், பிறகு அதுவும் போகும். சந்தேகம் தீரவில்லையென்றால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு கடிதம் கேளுங்கள். பல்லையும் தாடை மூட்டையும் பார்த்து, பல்தானா நரம்பா என்று பிரித்துச் சொல்லக்கூடிய இடம் அது. உண்மையாகவே சொத்தைப் பல் இருந்தால் அதற்கு வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். நரம்பு வலி இருக்கிறது என்பதை மட்டும் பல் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் ‘சாதாரண டீ.என்.தான்’ என்று விட்டுவிடக் கூடாது. முகத்தில் மரத்துப்போன இடம், ஒரு காதில் கேட்கும் திறன் குறைதல், இரண்டு பக்கமும் வலி, நாற்பது வயதுக்குள் தொடங்கியது, நடை தள்ளாட்டம் ஆகியவற்றுக்குப் பின்னால் கட்டியோ நரம்புறை அழியும் வேறு நோயோ இருக்கலாம். வெற்றிலை பாக்கு போடுபவர்கள் வாய்க்குள் வெள்ளைத் தழும்பு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் இருக்கிறதா என்று கட்டாயம் காட்ட வேண்டும். வாய்ப் புற்றுநோயும் முகத்தில் வலியையும் மரப்பையும் தரும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டு நொந்து, தலை சீவவே முடியாமல், சாப்பாட்டை மெல்லும்போது தாடை அசந்து, கண் மங்கினால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வை போய்விடும் ஆபத்து உண்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எல்லோருக்கும் ஒருமுறை எடுப்பது நல்லது. கட்டி இல்லை என்று உறுதி செய்வதுதான் அதன் முதல் வேலை. ‘குழாய் எதுவும் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை. ஸ்கேனுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் மாத்திரையைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இரண்டாம் படி: மாத்திரையை முறையாகத் தொடங்குதல்

பெரும்பாலும் முதலில் தருவது கார்பமாசெபின். வலிப்பு நோய்க்கும் அதைக் கொடுப்பது உண்மைதான். ஆனால் 1962இலேயே இந்த முகவலிக்கு அது கேட்கும் என்று மருத்துவ இதழில் எழுதப்பட்டுவிட்டது. அளவுக்குமீறிச் சுடும் நரம்பை அடக்குவது அதன் வேலை, அது மூளையில் இருந்தாலும் கன்னத்தில் இருந்தாலும். அக்கம்பக்கத்தார் ‘காக்கா வலிப்பாம்’ என்று கதை கட்டினால் வீட்டில் ஒருவராவது இதை அவர்களுக்கு விளக்கத் தெரிந்திருப்பது நல்லது. பெண் பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வீடுகளில் இந்தப் பயத்தாலேயே மருந்தை ஒளித்து வைத்து, பிறகு நிறுத்தியும் விடுகிறார்கள்.

பரசிட்டமோல், புருஃபன் எதுவும் இதற்குக் கேட்காது. அவற்றை மேலும் மேலும் போட்டால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும்.

இது வலிக்கும்போது போடும் மாத்திரை இல்லை. ஒரு தாக்குதல் சில விநாடிகளில் முடிந்துவிடும். மாத்திரை வயிற்றில் கரைந்து இரத்தத்தில் உச்சம் தொட மணிக்கணக்காகும். இரத்தத்தில் எப்போதும் ஒரே மட்டத்தில் மருந்து ஓடிக்கொண்டிருந்தால்தான் அடுத்த தாக்குதல் எழும்பாது. ஆகவே நேரம் முக்கியம்.

வழக்கமான தொடக்கம் 100 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. கையில் கிடைப்பது பெரும்பாலும் 200 மில்லிகிராம் மாத்திரை என்பதால் நடுக் கோட்டில் உடைத்துப் பாதி. வயதானவர்களுக்கு இரவில் மட்டும் பாதி என்று தொடங்குவதும் உண்டு. பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை 100 மில்லிகிராமாக ஏற்றிப் போவார்கள். பலருக்கு 200 மில்லிகிராம் மூன்று அல்லது நான்கு வேளை, அதாவது நாளைக்கு 600 முதல் 800 மில்லிகிராமில் வலி அடங்கும். சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். ஏற்றுவதும் இறக்குவதும் வைத்தியர் எழுதியபடிதான். இந்த எண்களைச் சொல்வது, பாதி மாத்திரையில் மூன்றாம் நாளே ‘கேக்கலை’ என்று விட்டுவிடாமல் இருக்கத்தான். அது ஆரம்பப் படி மட்டுமே.

மூன்று வேளை என்றால் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு) போகுமுன், பகல் சாப்பாட்டோடு, இரவு படுக்கும்போது என்று வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுடன் எடுத்தால் குமட்டல் குறையும். விடியற்காலைப் பல் துலக்கும்போதே தாக்கினால், முந்திய இரவு மாத்திரைக்கும் காலைக்கும் இடையில் மட்டம் இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். இரவு வேளையைப் பிந்தி எடுப்பதா, மெதுவாகக் கரையும் ‘சி.ஆர்.’ வகைக்கு மாறுவதா என்று கேளுங்கள். சி.ஆர். மாத்திரையை இடிக்கவோ மெல்லவோ கூடாது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் ஒரு ஏமாற்றம் வரும். நன்றாக இருந்த வலி மெல்லத் திரும்பும். கல்லீரல் இந்த மருந்தை வேகமாக உடைக்கப் பழகிக்கொள்வதால் அதே அளவில் இரத்தத்தில் மட்டம் குறைந்துவிடுகிறது. மருந்து செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், அளவைக் கொஞ்சம் ஏற்றக் கேளுங்கள்.

_ஈரம்._ மலையகத்தில் யாரும் சொல்லித்தராத விஷயம் இது. கார்பமாசெபின் மாத்திரை ஈரத்தை உறிஞ்சி இறுகிப்போகும். அப்படி இறுகினால் சரியாகக் கரையாது, பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் கடதாசிக் கவரில் உதிரியாகத் தரும் மாத்திரையை, பனி இறங்கும் நுவரெலியாவிலோ மஸ்கெலியாவிலோ அடுப்பங்கரை அலுமாரியில் ஒரு மாதம் வைத்தால் என்னவாகும் என்று யோசியுங்கள். இறுக மூடும் உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் கவரோடு போட்டு, நீராவியும் அடுப்புச் சூடும் படாத உள் அறையில் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பை ஒன்று உள்ளே இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் எடுக்காத உயரத்தில். வேலைக்குக் கொண்டுபோகும் பகல் வேளை மாத்திரையை மட்டும் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுங்கள். கல்லாக இறுகியதை, நிறம் மாறியதை, பொடிந்ததைச் சாப்பிட வேண்டாம்.

_கையிருப்பு._ மழைக் காலத்தில் மண் சரிந்து வீதி மூடினால் கிளினிக்குக்குப் போக முடியாது. 2022இல் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு வந்ததும் மறந்திருக்காது. பத்து நாள் மாத்திரை எப்போதும் உபரியாக இருக்கட்டும். நீங்கள் போக முடியாத நாளில் கிளினிக் கொப்பியோடு யார் போவார்கள் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். திடீரென நிறுத்தினால் வலி முழு வேகத்தில் திரும்பும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்கு வலிப்பும் வரலாம்.

பக்க விளைவு: எதைப் பொறுப்பது, எதற்கு ஓடுவது

முதல் வாரங்களில் தூக்க மயக்கம், தலைச்சுற்று, கால் தள்ளாட்டம், சில நேரம் பொருள் இரண்டாகத் தெரிவது சகஜம். மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் பழகிப்போகும். ஆனால் நம் இடத்துக்கு இது சின்ன விஷயமில்லை. லயத்துப் படிக்கட்டும் மலைச் சரிவும் சமதரை அல்ல. ஏற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று நாளுக்கு கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டாம், திரீவீலோ மோட்டார் சைக்கிளோ ஓட்ட வேண்டாம், இரவில் வெளியே போக டோர்ச் வைத்துக்கொள்ளுங்கள். சாராயமும் கசிப்பும் இந்த மயக்கத்தை இரட்டிப்பாக்கும்.

தோலில் சிவப்புத் தடிப்பு வந்தால் நிலைமை வேறு. தடிப்போடு காய்ச்சல், வாய்ப் புண், கண் சிவப்பு, தோல் கொப்புளித்தல் இருந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது என்ற விதி இங்கே பொருந்தாது, இது உயிராபத்து. இந்தத் தோல் நோய் மிக அரிது. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ள ஆசிய வம்சத்தவர்களுக்கு அதன் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் வரும். விடாத தொண்டை நோவும் காய்ச்சலும், காரணமில்லாமல் உடலில் நீலத் தழும்பு என்றாலும் அன்றைக்கே இரத்தம் சோதிக்க வேண்டும்.

வயதானவர்கள் குழம்பிப் பேசினால், வாந்தியும் தலையிடியுமாக இருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். பிரஷருக்கு ‘தண்ணி போகிற மாத்திரை’ எடுப்பவர்களுக்கு இது எளிதாக வரும். மாத்திரை தொடங்குமுன்னும், சில வாரத்துக்குப் பிறகும் இரத்த அணு, கல்லீரல், சோடியம் சோதித்தார்களா என்று கேளுங்கள்.

வேறு மருந்துகளோடு மோதுவதிலும் இது கெட்டிக்காரன். சளிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் இதன் மட்டத்தை ஏற்றி மயங்கி விழவைக்கும். வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் பலம் குறையும். தனியார் டிஸ்பென்சரிக்குப் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் மருந்து வாங்காதீர்கள். கிரேப்ஃப்ரூட்டையும் அதன் உறவான ஜம்போலாவையும் தவிர்ப்பது நல்லது.

இளம் பெண்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு: குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் கையில் பதிக்கும் குச்சியும் இந்த மருந்தோடு சேர்ந்தால் நம்பகமில்லாமல் போகும். லூப்பும் மூன்று மாத ஊசியும் பாதிக்கப்படுவதில்லை. கருவில் உள்ள பிள்ளையின் முதுகெலும்பு, மூளை வளர்ச்சியை இம்மருந்து பாதிக்கலாம் என்பதால், பிள்ளை பெற எண்ணும்போதே மிட்வைப் மிஸ்ஸிடமும் வைத்தியரிடமும் பேசுங்கள்.

இந்த மருந்து உடம்புக்கு ஒத்துவராவிட்டால் ஒக்ஸ்கார்பசெபின் உண்டு. மயக்கம் குறைவு, சோடியம் இறங்குவது கூடுதல். அதன் பிறகு பெக்லோஃபென், லமோட்ரிஜின், கபாபென்டின், பிரிகாபலின் என்று தனியாகவோ சேர்த்தோ கொடுப்பார்கள்.

மூன்றாம் படி: ஒரு கொப்பி

நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி போதும். நாளுக்கு ஒரு வரி: எத்தனை தாக்குதல், எது கிளப்பியது, எத்தனை மில்லிகிராம், தள்ளாட்டம் உண்டா. கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களுக்காகக் கிடைப்பது சில நிமிடம்தான். ‘கொஞ்சம் பரவால்ல’ என்பதைவிட ‘நாளைக்கு முப்பது தடவை வந்தது ஆறாகியிருக்கிறது, காலையில் மட்டும்’ என்பது அளவைத் தீர்மானிக்க உதவும். எழுத வராதவர்கள் கோடு போடலாம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

நான்காம் படி: காற்று, தண்ணீர், கூடை, சாப்பாடு

மாத்திரை கேட்க ஆரம்பிக்கும் வரை, தூண்டுதலைக் குறைப்பதுதான் உங்கள் கையில் உள்ள கருவி. ஒவ்வொருவருக்கும் கன்னத்தில், மூக்கோரத்தில், ஈறில் ஒரு ரூபாய்க் காசளவு தூண்டும் இடம் இருக்கும். அதை எது தொடுகிறது என்று பாருங்கள். வினோதம் என்னவென்றால், அழுத்திப் பிடிப்பதைவிட மெல்லிய வருடல்தான் மோசமாகக் கிளப்பும்.

அதனால் முகத்தை மூடும்போது இறுக்கமும் கூடாது, ஆடிக்கொண்டிருக்கும் ஓரமும் கூடாது. கம்பளி நூல் கன்னத்தில் உரசினால் காற்றைவிட அது கெடுதல். மெல்லிய பருத்தித் துணியை உள்ளே போட்டு, கம்பளிச் சால்வையை அதன் மேல் சுற்றுங்கள். முகக்கவசம் காற்றைத் தடுக்கும், ஆனால் அதன் ரப்பர் கன்னத்தின் மேல் போகிறதா என்று பாருங்கள். தலைக்குப் பின்னால் கட்டும் நாடா வைத்தது நல்லது. பஸ்ஸில் வலியில்லாத பக்கம் ஜன்னலோரம் வருமாறு உட்காருங்கள். ஃபுட்போர்ட் பயணத்தை விடுங்கள். ஹெல்மெட்டின் நாடி வாரும் ஒரு தூண்டுதல்தான்.

பீலிக்கரையில் தலைக்கு நேராகத் தண்ணீர் விழும்படி குளிப்பது இப்போதைக்கு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரை வாளியில் எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்துப் பிடரிப் பக்கமாக ஊற்றச் சொல்லுங்கள். முகத்தை அள்ளி அடித்துக் கழுவாமல் ஈரத் துணியை ஒற்றி எடுங்கள். மூக்குத்தி போட்டவர்கள் தினமும் அதைத் திருகித் துடைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், மூக்கோரம் பெயர்பெற்ற தூண்டும் இடம். கழற்றுவதென்றால் வலி அமைதியான ஒரு நாளில். தைலம், பாம் எதையும் கன்னத்தில் தேய்க்க வேண்டாம். மருந்தைவிடத் தேய்ப்பதே கிளப்பிவிடும். கராம்பு எண்ணெய் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கும்.

பல் துலக்காமல் விட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் உண்மையான பல் வலியும் சேர்ந்துவிடுகிறது. மிக மென்மையான சிறிய பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், வலியில்லாத பக்கத்திலிருந்து தொடக்கம். ஒரு தாக்குதல் முடிந்ததும் சில விநாடியிலிருந்து சில நிமிடம் வரை நரம்பு ஓய்ந்து கிடக்கும். அந்த இடைவெளியில் மறுபக்கத்தைத் துலக்கிவிடலாம், இரண்டு வாய் சாப்பிட்டும்விடலாம். கொடுமையான உத்திதான், ஆனால் உதவும். பிரஷ் முடியவே முடியாத நாளில் உப்புத் தண்ணீரால் கொப்பளித்தாவது விடுங்கள்.

காலைத் தேங்காய் ரொட்டிதான் பெரிய எதிரி. நீண்ட நேரம் மெல்ல வேண்டியது. அதைச் சுடச்சுடக் கிழித்துச் சாப்பிடாமல், பருப்பிலோ தேத்தண்ணியிலோ ஊறவைத்து, மறுபக்கத்தால் விழுங்குங்கள். சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, லீக்ஸும் கரட்டும் கரைந்த சூப் நன்று. மிகச் சூடும் மிகக் குளிரும் வேண்டாம், தேத்தண்ணி இளஞ்சூட்டில் இருக்கட்டும். ஸ்ட்ரோ சிலருக்கு உதவும், சிலருக்கு உறிஞ்சுவதே தூண்டும். வெற்றிலை பாக்கை விடுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. மாதம் ஒருமுறை எடை பாருங்கள். இரண்டு மூன்று கிலோ இறங்கினால் வைத்தியரிடம் சொல்லுங்கள், மருந்து போதவில்லை என்பதற்கு அது சாட்சி.

கொழுந்து எடுப்பவர்களுக்குக் கூடைக் கயிறு தனிப் பிரச்சினை. முதல் கிளையில் வலி இருந்தால் நெற்றிமேல், உச்சிமேல் அழுத்தும் கயிறே தூண்டும். தடித்த துணி மடித்து வைத்துப் பாருங்கள். கேட்காவிட்டால் தோளில் மாட்டும் பைக்கு மாறக் கேளுங்கள். கன்னத்தில் வலி இருப்பவர்கள், காற்று வலியில்லாத பக்கத்தில் படும்படியாக நிரை கேட்டு வாங்கலாம். கங்காணியிடமும் துரையிடமும் வாயால் சொல்வதைவிட, வைத்தியரிடம் ‘குளிர்காற்று தவிர்க்க வேண்டும், சில வாரங்களுக்குக் கத்தி வேலை வேண்டாம்’ என்று எழுதிய துண்டு ஒன்று வாங்கிக் கொடுப்பது நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் முகத்தில் எதுவும் தெரியாது. எழுத்தில் இல்லாத வலிக்கு அரைப் பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும்.

வீட்டாருக்கும் மனசுக்கும்

தாக்குதல் வரும்போது ‘என்ன, என்ன’ என்று கேட்டுப் பேசவைக்காதீர்கள். பேச்சே தூண்டும். ஒரு கை ஜாடை பேசி வைத்துக்கொள்ளுங்கள்: கை உயர்த்தினால் எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். பேரப்பிள்ளை எந்தக் கன்னத்தில் முத்தம் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். மந்திரித்த கயிறு கட்டுவதில் சண்டை பிடிக்க வேண்டியதில்லை, மாத்திரையை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள்.

அடுத்தது எப்போது என்ற பயம், வலியைவிட நீளமானது. சாப்பிடப் பயந்து, பேசப் பயந்து, மூலையில் உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. ‘இதுக்குச் செத்துரலாம்’ என்ற பேச்சு வந்தால் அதை வெறும் பேச்சு என்று விடாதீர்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். கிளினிக்கிலும் இதை வெட்கப்படாமல் சொல்லலாம், மருந்தின் அளவு போலவே இதையும் வைத்தியர் தெரிந்திருக்க வேண்டும்.

வலி கட்டுமீறும் நாள்

ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கி, தண்ணீரும் இறங்கவில்லை, மாத்திரையையும் விழுங்க முடியவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். தோட்ட டிஸ்பென்சரியில் தொடங்கி நேரத்தைப் போக்காமல், வார்ட் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள்: டிக்கோயா கிளங்கன், நுவரெலியா, பதுளை, எது கிட்டவோ அது. 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். அங்கே சேலைன் ஏற்றி, நரம்பை அடக்கும் மருந்தை ஊசியாகக் கொடுக்க முடியும். கிளினிக் கொப்பியும் மாத்திரைப் போத்தலும் கூடவே போகட்டும்.

மாத்திரை போதாதபோது

அளவை ஏற்ற ஏற்ற மயக்கம் தாங்க முடியவில்லை, அல்லது இரண்டு மூன்று மருந்து மாற்றியும் அடங்கவில்லை என்றால் நரம்பு அறுவை வைத்தியரின் அபிப்பிராயம் கேளுங்கள். கடைசிக் கட்டம் வரை காத்திருக்கும் பழக்கம் நல்லதல்ல. மலையகத்துக்கு அண்மையில் கண்டி தேசிய வைத்தியசாலையில் நரம்பு அறுவைப் பிரிவு உண்டு.

வழிகள் இரண்டு வகை. ஒன்று, காதுக்குப் பின்னால் மண்டையில் சிறு திறப்புச் செய்து, உரசும் குழாயை நரம்பிலிருந்து விலக்கி இடையில் சிறு பஞ்சுத் துண்டு வைப்பது. பெரிய சத்திரசிகிச்சை. ஆனால் நரம்பைக் கெடுக்காமல் காரணத்தையே அகற்றுகிறது. பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஏழு பேரளவில் வலியின்றி இருப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் காதில் கேட்கும் திறன் போவது, அரிதாகப் பக்கவாதம் என்பவை அதன் ஆபத்து. மற்றது, கன்னத்தின் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடாலோ, கிளிசரோலாலோ, சிறு பலூனாலோ வேண்டுமென்றே கொஞ்சம் காயப்படுத்துவது. மயக்க மருந்து அதிகம் தாங்காத முதியவர்களுக்கு ஏற்றது. விலையாக முகம் மரக்கும், சில ஆண்டுகளில் வலி திரும்பலாம். கதிர்வீச்சை ஒருமுகப்படுத்தும் முறையும் உண்டு, பலன் தெரிய வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். ‘எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், முகம் எவ்வளவு மரக்கும், திரும்ப வந்தால் அடுத்து என்ன?’ என்ற மூன்று கேள்வியையும் எழுதிக் கொண்டுபோங்கள்.

வலி நின்றுவிட்டால்

இந்த நோய்க்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஓய்வு காலம் உண்டு. ஒரு மாதமாவது முற்றிலும் வலியின்றி இருந்த பிறகு, அளவைக் குறைக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராம், அடுத்த குறைப்புக்குக் குறைந்தது ஒரு வாரம் என்பது மாதிரியான மெதுவான இறக்கம். பனிக் காற்று வீசும் மார்கழி, தையில் தொடங்காமல் வெயில் காலத்துக்குத் தள்ளிப்போட்டால் தூண்டுதல் ஒன்று குறையும். இறக்கும்போது வலி எட்டிப்பார்த்தால், கடைசியாக வலியில்லாமல் இருந்த அளவுக்குத் திரும்பி, அந்த எண்ணைக் கொப்பியில் வட்டமிட்டு வைத்து, அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்.